யிஷிங் டீபாட் வாங்கறீங்களா? முதல்ல மூடியத் தொறந்து உள்ள பாருங்க

கேள்வி: ஆபீஸ் வேலையா ஷாங்காய்ல ஆறு மாசம் இருக்கேன். ஊருக்குத் திரும்பறதுக்குள்ள யிஷிங்ங்கற சீன ஊர்ல செய்யற ஊதா களிமண் டீபாட் ஒண்ணு வாங்கணும்னு ஆசை. ஒரு கடையில 80 யுவான், இன்னொரு கடையில அதே ஷேப் 3,000 யுவான், பேரு பெத்த மாஸ்டர் ஒருத்தர் செஞ்சதுன்னு சர்டிபிகேட்டோட. ரெண்டு பேருமே யிஷிங் மண்ணு, முழுக்க கைவேலைங்கறாங்க. யாரை நம்பறது?

பதில்: 80 யுவான்காரர விட்டுடுங்க. அந்த விலைக்கு முழு கைவேலை கட்டுப்படியே ஆகாது. யிஷிங்ல கையால செய்யறவங்க சக்கரத்துல வச்சு வனையறதில்ல, மண்ண மரச்சுத்தியால தட்டித் தட்டி ஒரே கனத்துல தகடாக்கி, பட்டையா வெட்டி, வளைச்சு ஒட்டி குழாய் மாதிரி ஆக்குவாங்க, அப்பறம் ஒரு கையால அத சுத்திக்கிட்டே இன்னொரு கையால மரத்தட்டை வச்சு தட்டித்தட்டி உருண்டையாக்கணும், மூக்கு, கைப்பிடி, மூடி எல்லாம் தனித்தனியா செஞ்சு ஒட்டணும், கடைசில மாட்டுக்கொம்புல சீவின மெல்லிசு தகட்டால மேல இழைச்சு விடுவாங்க. கிளேஸ் (கண்ணாடி மாதிரி பளபளக்கற மேல்பூச்சு) கிடையாது, அந்த மினுமினுப்பு இழைச்சதுல வர்றதுதான். 1,100 டிகிரிக்கு மேல சுடறாங்க.

அதனால மூடியத் தொறந்து போன் டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. கைப்பிடிக்கு நேர் உள்பக்கம் மேலருந்து கீழ லேசா ஒரு கோடு ஓடும், பட்டையோட ரெண்டு முனையும் சேர்ந்த இடம் அது. என்கிட்ட இருக்கற பாட்ல விரல் விட்டுத் தடவினாலே தட்டுப்படும். கோடு இருந்தா உடனே முழு கைவேலைன்னு முடிவு கட்டிடாதீங்க, தகட்ட அச்சுக்குள்ள அழுத்திச் செய்யற பாதி கைவேலையிலயும் அது வரும் (மண்ணு நல்லதா இருந்தா அது தப்பே இல்ல, முதல் பாட்டுக்கு நானே அதத்தான் சொல்வேன்). உள்ள ஒரு தடயமும் இல்லாம வழவழன்னு இருந்தா மண்ணக் கூழாக்கி அச்சுல ஊத்தினதான்னு சந்தேகப்படுங்க.

அடுத்தது கொதிக்கற தண்ணி ஊத்தச் சொல்லி மோந்து பாருங்க. மண்வாசனை வந்தா சரி, பெயிண்ட் மாதிரியோ ஷூ பாலிஷ் மாதிரியோ அடிச்சா வேண்டாம். 2010 மே மாசம் சீன அரசு டிவியே யிஷிங்ல கலருக்காக மண்ணுல கெமிக்கல் கலக்கறத போட்டுக் காட்டுச்சு. பளிச்சுனு பச்சை, நீலம்னு இருந்தா கிட்டயே போகாதீங்க. தண்ணி நிறைச்சு, மூடியில இருக்கற சின்ன ஓட்டைய விரலால அடைச்சுட்டு சாய்ங்க, ஊத்தறது நின்னுடணும், அப்பதான் மூடி சரியா பொருந்துதுன்னு அர்த்தம்.

சர்டிபிகேட்டுக்குன்னு ஒரு யுவான் கூட கொடுக்காதீங்க. வேற யாரோ செஞ்ச பாட்ல பேரு பெத்தவங்க முத்திரைய குத்தி விக்கறது அங்க ரொம்ப நாள் பிரச்சினை. அந்தக் காகிதம் இல்லாமலே இந்த பாட்டுக்கு 3,000 தருவீங்களான்னு உங்களையே கேட்டுப் பாருங்க.

கேள்வி: எங்க சைனீஸ் மேனேஜர் ரிட்டயர் ஆகறார். மூங்கில், பீச் பழம், வௌவால், அணிலும் திராட்சையும்னு டிசைன் நிறைய இருக்கு, எது கொடுக்கலாம்?

பதில்: அணில்-திராட்சை வேண்டாங்க, அது பிள்ளைகுட்டி பெருகணும்னு வாழ்த்தறது, கல்யாணத்துக்குப் பொருந்தும். பீச் நீண்ட ஆயுசுக்கு, தாராளமா கொடுக்கலாம். வௌவாலுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் சீன மொழியில ஒரே உச்சரிப்பு, ஃபூ, அதனாலதான் நாம வீட்டுக்குள்ள விடாதத அவங்க பாட்ல செதுக்கி வைக்கறாங்க. ஆனா நான் மூங்கில்தான் சொல்வேன். மூங்கில் கணுவுக்கும் ஒருத்தரோட நேர்மைக்கும் அங்க ஒரே சொல்லு, உள்ள வெறுமையா இருக்கறது கர்வம் இல்லாத மனசு. நேர்மையா வேலை பார்த்து முடிச்ச மனுஷனுக்கு இத விட என்ன சொல்லணும்?

படிக்கற பழக்கம் உள்ளவர்னா ஒரு டிசைனும் இல்லாம எழுத்து மட்டும் செதுக்கினத கொடுங்க. சுமார் 200 வருஷம் முன்னாடி சென் மான்ஷெங்னு ஒரு அதிகாரி, கவிதை, எழுத்துக்கலைல பெரிய ஆளு, ஷேப் யோசிச்சுக் கொடுப்பார், யாங் பெங்னியன் மண்ணுல செய்வார். டீபாட் வாசகத்துக்காகவும் மதிக்கப்பட்டது அவங்க காலத்துலருந்து ரொம்ப அதிகமாச்சு.

கேள்வி: இதுல நம்ம பால் டீ போடலாமா?

பதில்: தயவுசெஞ்சு வேண்டாம். கிளேஸ் இல்லாத மண்ணு, நுண்ணு நுண்ணா துளை, பால் உள்ள இறங்கினா புளிச்ச வாடை போகவே போகாது. சோப்பும் அதே கதைதான். ஒரு பாட்டுக்கு ஒரு வகை டீ, ஊலாங்னா ஊலாங் மட்டும், முடிச்சதும் வெந்நீர்ல அலசி மூடியத் தனியா எடுத்து வச்சு காய விடுங்க.