உங்கள் பெயரில் கொழுந்தன் வாங்கிய கடன்

கேள்வி: எங்கள் வீட்டில் தங்கியிருந்த என் கொழுந்தன், என் பான், ஆதார் விவரங்களையும் கைப்பேசியையும் பயன்படுத்தி, கடன் செயலி ஒன்றில் என் பெயரில் இரண்டு லட்சம் ரூபாய் வாங்கிவிட்டார். வசூல் முகவர்கள் அழைத்த பிறகே எனக்குத் தெரிந்தது. மாமியார் அவர் பக்கம் பேசுகிறார். கணவர் வாய் திறப்பதில்லை. தொல்லை ஓய்வதற்காக ஒரு தவணையை மட்டும் கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். மாமியாரின் ஓரவஞ்சனையும் கணவரின் மௌனமும் உங்களை வருத்துவது நியாயமே. ஆனால் இந்த வழக்கில் அவற்றுக்கு இடமில்லை. கடன் தொகை யாருடைய வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்ற ஒன்றுதான் இதைத் தீர்மானிக்கும். உங்கள் கடிதத்தில் அந்த விவரம் இல்லை.

ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, சில விதிவிலக்குகள் தவிர, தொகை கடன் பெறுபவரின் சொந்தக் கணக்கிலேயே செலுத்தப்பட வேண்டும். பணம் நேராகக் கொழுந்தனின் கணக்குக்குப் போயிருந்தால், விளக்கம் சொல்ல வேண்டியது கடன் கொடுத்த நிறுவனம். உங்கள் கணக்கில் விழுந்து அங்கிருந்து அவருக்கு மாற்றப்பட்டிருந்தால், ஆவணங்களைப் பார்ப்பவருக்குக் கடன் வாங்கி அவருக்குக் கொடுத்தவர் நீங்கள்தான். கைப்பேசி உங்கள் கையில் இல்லை என்பதை நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். ஓடிபி எண்ணை நீங்களே அவருக்குப் படித்துச் சொல்லியிருந்தால் அது இன்னும் கடினம்.

ஒரு தவணையில் என்ன இருக்கிறது என்று நினைத்தவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். இரண்டாயிரம் ரூபாய் கட்டினால் பெயரை நீக்கிவிடுவதாக முகவர் சொல்வார். உங்கள் யுபிஐ கணக்கிலிருந்து பணம் போகும். பிறகு சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்திடம் நீங்கள் ஆட்சேபம் தெரிவிக்கும்போது, கடன்தாரரே தவணை செலுத்தியிருக்கிறார் என்று கடன் கொடுத்த நிறுவனம் ஒரே வரியில் பதில் எழுதிவிடும். "மாதக் கடைசி வரை அவகாசம் கொடுங்கள்" என்று நீங்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியும் கடனை ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகக் காட்டப்படும். எழுத்திலான ஒப்புதலும் பகுதித் தொகை செலுத்துதலும் கடனுக்காக வழக்குத் தொடுப்பதற்கான கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்கக்கூடியவை என்பதைக் காலவரம்புச் சட்டம், 1963இன் 18, 19ஆம் பிரிவுகளில் காணலாம். குறைந்த தொகைக்கு முடித்துக்கொள்ளலாம் என்ற அழைப்பையும் ஏற்காதீர்கள். கடன் தகவல் அறிக்கையில் 'செட்டில்டு' (முழுத் தொகையும் கட்டாமல் முடிக்கப்பட்டது) என்று பதிவாகி, பின்னாளில் வீட்டுக் கடன் கேட்கும்போது உங்களைத் தடுக்கும்.

அடுத்த ஆபத்து காவல்துறையில் கொடுக்கும் புகாரில் இருக்கிறது. குடும்ப மானத்துக்கு அஞ்சி, 'அடையாளம் தெரியாத நபர்' என்று எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. உண்மை வெளிவரும் நாளில் அந்தப் பொய்யே அவர்கள் தரப்பை உடைத்துவிடுகிறது. பெயரைச் சொல்வதானால் விளைவையும் அறிந்தே சொல்லுங்கள். அடையாளத் திருட்டுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெண்ணுக்கு எதிராக இழைக்கப்பட்ட அக்குற்றத்தில் விசாரணை நீதிமன்றம் சமரசத்தை அனுமதிக்க 77ஏ பிரிவு இடம் தரவில்லை. பின்னர் மனம் மாறினால் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கோருவதே வழி.

ஆகவே, முதலில் கடன் வழங்கப்பட்ட தேதிக்கான வங்கிக் கணக்கு அறிக்கையை எடுங்கள். பணம் அவர் கணக்குக்குப் போயிருந்தால், ஒரு ரூபாயும் கட்டாமல், கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் ஆட்சேபம் அனுப்புங்கள். 30 நாளுக்குள் தீர்க்கப்படாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கோரலாம். உங்கள் கணக்கு வழியாகப் போயிருந்தால், பிடிக்காவிட்டாலும் கேளுங்கள்: சமரசமே நல்லது. முழுத் தொகையையும் கொழுந்தனே செலுத்திக் கணக்கை முடிக்க வேண்டும். நிலுவையில்லாச் சான்றிதழ் உங்கள் கைக்கு வர வேண்டும். கடன் தன்னுடையதே என்று அவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அந்தத் தாள் கைக்கு வரும் முன் உங்கள் கணக்கிலிருந்து பணம் எதுவும் போகக் கூடாது.