பதில்: சிவிக் கிளட்ச் பெடல் கீழயே நின்னுடுது

தம்பி, 93 ஹோண்டா சிவிக் காடில காலையில கிளட்ச் பெடல் கீழயே ஒட்டிக்கிது, ரெண்டு மூணு தடவ பம்ப் பண்ணாத்தான் கியர் விழுது, பட்டறையில கிளட்ச் பிளேட் மாத்தணும்னாங்கன்னு எழுதிருக்கீங்க. அவசரப்பட்டு கியர்பாக்ஸ இறக்க விடாதீங்க. பம்ப் பண்ணா சரியாவுதுன்னா பெரும்பாலும் பிளேட் இல்ல, கிளட்ச்ச தள்ளுற எண்ணெய் அழுத்தம்தான் நிக்கல.

மொதல்ல பானெட்ட தொறந்து கிளட்ச் எண்ணெய் ஊத்துற டப்பால எண்ணெய் கொறையுதான்னு பாருங்க. கொறஞ்சா எங்கயோ ஒழுகுது. கியர்பாக்ஸ் பக்கம் இருந்து கிளட்ச்ச தள்ளுற ஸ்லேவ் பம்ப்போட ரப்பர் மூடிய விரலால லேசா தூக்குங்க, உள்ள ஈரமா இருந்தா அதான். அங்க காஞ்சிருந்தா டிரைவர் பக்கம் குனிஞ்சு பெடல் கம்பி உள்ள போற எடத்த டிஷ்யூ வெச்சு தொடச்சுப் பாருங்க, ஈரம்னா மாஸ்டர் பம்ப், அதாவது பெடல மிதிச்சா எண்ணெய அழுத்தித் தள்ளுற பம்ப், ஒழுகுது. எங்கயும் ஒழுகல, ஆனா மிதிச்சுப் புடிச்சா பெடல் மெதுவா எறங்குதுன்னா மாஸ்டர் உள்ள எண்ணெய தடுக்குற ரப்பர் சீல் போச்சு.

சுங்கை சிப்புட்ல என் காடிக்கும் இதேதான், செம்பனை தோட்டத்து ரோட்ல கியர் விழாம நடு வழியில நின்னுட்டேன், ரப்பர தூக்குனா காப்பி டிக்காஷன் மாதிரி கறுப்பா ஊத்துச்சு, சீல் தேஞ்சு கரைஞ்ச கறுப்பு அது. ரெண்டு பம்ப்பும் ஒரே வயசு, சேர்த்தே மாத்திடுங்க.

டாட் 3 பிரேக் எண்ணெய் மட்டும் ஊத்துங்க, இஞ்சின் எண்ணெய் பட்டா ரப்பர் ஊதிடும். பைப்புக்குள்ள மாட்டுன காத்த எடுக்குறப்போ, அது வெளிய போற நிப்பிள் திருக மூடுன பொறவுதான் பெடல விடணும், டப்பா காலியாகக் கூடாது. பெயிண்ட்ல சிந்துனா உடனே தண்ணி ஊத்துங்க தம்பி.