ஜெஃபர்சன் வரலாறு வாங்குமுன் ஆண்டைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சனைப் பற்றி ஒரே ஒரு நல்ல வாழ்க்கை வரலாறு படிக்க ஆசை. ஆன்லைனில் தேடினால் ஏகப்பட்டது வருகிறது. எல்லாவற்றுக்கும் நாலரை நட்சத்திரம். எதை நம்பி வாங்குவது?

பதில்: நட்சத்திரத்தை விடுங்கள். அந்தப் புத்தகம் முதன்முதலில் எப்போது வெளிவந்தது, 1998க்கு முன்பா பின்பா என்று பாருங்கள்.

காரணம் சாலி ஹெமிங்ஸ். ஜெஃபர்சனிடம் அடிமையாக இருந்தவர். தன் தகப்பனார் ஜெஃபர்சன்தான் என்று சாலியின் மகன் மேடிசன் 1873லேயே ஓஹையோ பத்திரிகை ஒன்றில் சொல்லிவிட்டார். அடிமையாகப் பிறந்தவர் பேச்சை யார் கேட்டார்கள்? ஜெஃபர்சனின் தங்கை மகன் தலையில் பழியைக் கட்டினார்கள். 1998ல் வந்த டிஎன்ஏ பரிசோதனையில், சாலியின் கடைசி மகன் வழி வந்தவரின் மரபணு ஜெஃபர்சன் குடும்பத்தோடு பொருந்தியது. தங்கை மகன் வழியோடு பொருந்தவில்லை. ஆவணங்களையும் சேர்த்துப் பார்த்து, ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ வீட்டை நிர்வகிக்கும் அறக்கட்டளையே 2000ல் மேடிசன் பக்கம் வந்துவிட்டது.

இங்கேதான் வியாபாரிகள் விளையாடுகிறார்கள். ஜேம்ஸ் பார்ட்டன் 1874ல் எழுதிய வரலாறு, தகப்பன் ஜெஃபர்சன் அல்ல, பெயர் சொல்லாத நெருங்கிய உறவினர் ஒருவர் என்கிறது. காப்புரிமை எப்போதோ முடிந்துபோனது, இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். இந்த மாதிரிப் பழசுக்குப் பளபளவென்று அட்டை போட்டு நம்மிடமே காசு வாங்குகிறார்கள். கடைப் பக்கமோ மறு அச்சு போட்ட ஆண்டை ‘வெளியான ஆண்டு’ என்று கூசாமல் காட்டும். முதல் பதிப்பின் ஆண்டை அட்டையிலேயே போடு என்று சொல்ல நாதியில்லை! ‘அதிக விற்பனை’ என்ற முத்திரைக்கும் மயங்காதீர்கள். 2012ல் அமோகமாக விற்ற ஒரு ஜெஃபர்சன் புத்தகத்தை, தகவல்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று பதிப்பகமே திரும்பப் பெற்றது. சில வருடத்தில் வேறு பதிப்பகம் வழியாக அது மறுபடி கடைக்கு வந்துவிட்டது.

பழசெல்லாம் குப்பையா என்றால், டூமாஸ் மலோன் மட்டும் விலக்கு. 1948 முதல் 1981 வரை ஆறு தொகுதி எழுதினார். சாலி விஷயத்தில் அந்தத் தொகுதிகளில் அவர் மறுப்புக் கட்சி. அந்தப் பக்கங்களை நம்ப வேண்டாம். ஆனால் 1803ல் லூசியானா என்ற பரந்த நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியது, 1807ல் வெளிநாட்டு வணிகத்துக்குத் தடை போட்டுச் சொந்த நாட்டு வியாபாரிகளிடமே திட்டு வாங்கியது போன்ற அரசியல் விவகாரங்களில், கடிதம் கடிதமாக அவர் பார்த்த உழைப்பு இன்னும் நிற்கிறது. அதற்காக முதல் புத்தகமாக ஆறு தொகுதியையும் வாங்கிவிடாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது ஆர். பி. பெர்ன்ஸ்டீன் 2003ல் எழுதியது. சிறிய புத்தகம், தெளிவான ஆங்கிலம். பிடித்துப்போனால் அடுத்து, ஹெமிங்ஸ் குடும்பத்தைப் பற்றி அனெட் கார்டன்-ரீட் 2008ல் எழுதி, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. ஆர்டர் போடுமுன் பக்க எண்ணிக்கையையும் ஒருமுறை பாருங்கள். அறுபது, எழுபது பக்கம் என்றிருந்தால், அது அதே பெயரில் எவனோ போட்ட ‘சுருக்கம்’.