கதவு இடிக்குதா? கீலில் கை வைக்காதீங்க!

கேள்வி: 1960-களில் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு கன்வர்டிபிள் வைத்திருக்கிறேன். சேஸிஸிலிருந்து பாடியை இறக்கி, பெயின்ட் அடித்து, திரும்ப ஏற்றினோம். இப்போது இரண்டு கதவும் பின்பக்க மேல்முனையில் உரசுகிறது. கீழே சுண்டுவிரல் நுழைகிறது. கீலை வளைத்தால் சரியாகிவிடும் என்கிறார் டிங்கர். செய்யலாமா?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உரசினால் கீல்மீது சந்தேகப்படத் தேவையில்லை. ஹெரால்டில் சேஸிஸ் தனி, பாடி தனி. அந்தப் பாடியும் முன்பாதி, பின்பாதி என்று போல்ட்டில் சேர்ந்து நிற்பது. கூரை இருந்தால் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். உங்கள் காரில் அதுவும் கிடையாது. நடுப்பகுதி தொய்ந்தால் கதவின் முன்தூணும் பின்தூணும் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சாயும். அதனால்தான் மேலே நெருக்கம், கீழே அகலம். இதற்கு நேர்மாறாக இருந்தால் முன்முனையோ பின்முனையோ தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் உரசினால் அந்தப் பக்கத்து மவுண்டிங்கை, அதாவது பாடி சேஸிஸில் போல்ட்டில் உட்காரும் இடத்தைப் பாருங்கள். சேஸிஸ் முறுக்கிக்கொண்டும் இருக்கலாம்.

எந்த மவுண்டிங்கில் எத்தனை பேக்கிங் (இடையில் வைக்கும் ரப்பர், தகடு) இருந்தது என்று குறித்து வைக்காமல் பாடியை ஏற்றினால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். புது ரப்பரின் கனம் பழையதிலிருந்து மாறியிருந்தாலும் இதே கதைதான்.

காரைச் சமதளத்தில் நான்கு சக்கரத்திலும் நிறுத்துங்கள். ஸ்டாண்டில் ஏற்றி எடுக்கும் அளவை நம்ப முடியாது. லாக் ஸ்ட்ரைக்கரையும் (தூணில் பூட்டு மாட்டும் துண்டு) பீடிங்கையும் (வாசலைச் சுற்றி ஓடும் ரப்பர்) கழற்றிவிடுங்கள். தொங்குகிற கதவை ஸ்ட்ரைக்கர் தூக்கிப் பிடித்துக் குறையை மறைத்துவிடும். கதவைப் பாதி திறந்து பின்ஓரத்தைக் கையால் தூக்கிப் பாருங்கள். 'டக்'கென்று ஆடினால் கீலின் நடுவே இருக்கும் ஊசி (பின்) தேய்ந்திருக்கிறது. முதலில் அதை மாற்றுங்கள். சேஸிஸின் பக்கவாட்டுக் கைகளை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். துருவில் உள்ளே போனால், அதன்மேல் எத்தனை ஷிம் (உயரத்தைச் சரிசெய்யச் சொருகும் தகடு) வைத்தாலும் வீண்.

அலுமினியத் தகட்டில் 50 மி.மீ. சதுரமாக, 1.5 மி.மீ., 3 மி.மீ. கனங்களில் ஷிம் வெட்டுங்கள். ஓட்டை போடாமல், போல்ட் நுழைகிற அகலத்துக்கு ஓரத்திலிருந்து 'ப' வடிவில் வெட்டினால், போல்ட்டை முழுசாகக் கழற்றாமலே சொருகலாம். மவுண்டிங் போல்ட்டுகளைச் சில சுற்று தளர்த்தி, காரின் தரைத்தகட்டு ஓரத்துக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் மெல்லத் தூக்கி, நடு மவுண்டிங்குகளில் முதலில் 1.5 மி.மீ. வையுங்கள். இறக்கி, எல்லாப் போல்ட்டையும் முடுக்கிய பிறகே அளக்க வேண்டும். தளர்வாக இருக்கும்போது கிடைக்கிற அளவுக்கு மதிப்பில்லை. ஒரு மி.மீ. ஷிம் வைத்தால் இடைவெளியும் ஒரு மி.மீ. மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். மவுண்டிங்குகளுக்கு இடையிலான தூரத்தையும் கதவின் உயரத்தையும் பொறுத்தே மாறும். அளக்க 4 மி.மீ. டிரில் பிட்டின் வழுவழுப்பான காம்பு போதும். மேலிருந்து கீழ்வரை 4 முதல் 5 மி.மீ. சீராக வந்தால் திருப்திப்படுங்கள். புதுக் காரின் நூலிழை இடைவெளியை இதில் தேடக் கூடாது.

அதன்பிறகுதான் கீல். பெயின்ட் அடித்த ஓரங்களில் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டிக்கொள்ளுங்கள். பின் ஃபெண்டர் அசையாது, அதனால் கதவை அதற்குப் பொருத்துங்கள். பானெட்டைக் கதவுக்குப் பொருத்துங்கள். ஹெரால்டின் பானெட் ஃபெண்டரோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாய்வது. அதை முதலில் சரிசெய்துவிட்டுக் கதவுக்கு வந்தால் வேலை இரட்டிப்பு. புது பீடிங் போட்டதும் கதவு வெளியே தள்ளி நிற்கும். ரப்பர் அமுங்கச் சில நாள் பூட்டியே வையுங்கள். அதற்காகக் கீலைத் திருப்பாதீர்கள்.

கேள்வி: எம்ஜிபி ரோட்ஸ்டரில் (MGB, திறந்த கார்) ஜாக்கி போட்டால் கதவு திறப்பதில்லை. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் 'சில்' துருப்பிடித்திருக்கிறது. வெட்டி வெல்டிங் செய்யலாமா?
- வாசகர், ஜெயநகர்

பதில்: எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் இல்லை. காரைத் தாங்குவதில் பெரும்பங்கு அந்த சில்தான், அதனால் இப்போது ஓட்டுவதே ஆபத்து. வெட்டும் முன் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே 25 மி.மீ. சதுரக் குழாயைத் தற்காலிகமாகப் பற்றவைத்து வாசலைப் பூட்டுங்கள். கதவு மூடுகிறபடி குழாய் உள்பக்கமாக இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். புதுத் தகட்டைப் புள்ளி வெல்டிங்கில் நிறுத்தி, கதவை மாட்டி மூடிப் பார்த்து, பிறகு சின்னச் சின்ன நீளமாக இடம் மாற்றி மாற்றிப் பற்றவையுங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் தகடு சுருங்கி வாசலையே இழுத்துவிடும். பட்டி பூசி மூடித் தருகிறேன் என்பவரிடம் காரை விடாதீர்கள்.

கேள்வி: என்னுடையது மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கூரையைக் கழற்றிக் கன்வர்டிபிள் ஆக்கலாமா?
- வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: அந்தக் கூரை போல்ட்டில்தான் நிற்கிறது, அதனால் கழற்றுவது சுலபம். ஆனால் வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம். அனுமதி கிடைத்தால், கூரை இருக்கும்போதே கதவு இடைவெளியை நான்கு முனையிலும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.