பாடசாலைக்கு ஓர் உளவியலாளர்

அன்புள்ள ஐயா,

என் மகன் தமிழ் மொழிமூலம் தரம் 6 படிக்கிறான். கதைப்பதில் கெட்டிக்காரன். கணக்கை மனதுக்குள்ளேயே செய்துவிடுவான். புத்தகத்தை விரித்தால் மட்டும் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம் போகிறது. புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் வரவில்லை. போன வருட டீச்சர் “கவனமில்லை, ரியூஷன் போடுங்கோ” என்றார். போட்டோம். இந்த வருட டீச்சர் “மனநல டொக்டரிடம் காட்டுங்கோ” என்கிறார். காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறான். நியூயோர்க்கில் இருக்கும் என் தங்கையின் மகளுக்கு இதே பிரச்சினை வந்தபோது பாடசாலையிலேயே ஓர் உளவியலாளர் பார்த்தாராம். அவர் என்ன செய்வார்? இங்கே யாரிடம் போவது? பிள்ளைக்குப் பைத்தியம் என்று பெயர் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு தாய், வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரி,

நீங்கள் எழுதியதில் பைத்தியம் என்று பயப்பட ஒன்றுமே இல்லை. நன்றாகக் கதைக்கிற, கணக்குச் செய்கிற பிள்ளை வாசிக்கும்போது மட்டும் திணறுகிறான் என்றால், வாசிப்பில் ஏதோ தடை இருக்கிறது. அது என்ன தடை என்று இதுவரை யாரும் தேடிப் பார்க்கவில்லை. ஒருவர் ரியூஷன் என்றார், மற்றவர் டொக்டர் என்றார். இரண்டுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டிய வேலைதான் உங்கள் தங்கை சொல்லும் உளவியலாளருடைய வேலை.

அந்த வேலை தொடங்கியதே இப்படியொரு பையனை வைத்துத்தான். 1896இல் பிலடெல்பியாவில் ஓர் ஆசிரியை, 14 வயதாகியும் பிழையில்லாமல் எழுத முடியாத மாணவன் ஒருவனைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் லைட்னர் விட்மரிடம் கூட்டிப்போனார். சோதித்ததில் பார்வைக் குறையும் இருந்தது தெரிந்தது, கண்ணாடி போட்டார்கள். அதற்குப் பிறகும் மிச்சமிருந்த சிக்கலுக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள். கூட்டிப்போனது ஒரு டீச்சர் என்பதை உங்கள் மகனின் டீச்சருக்கும் சொல்லுங்கள். அவரும் ஏதோ சரியில்லை என்று கண்டுதான் டொக்டர் என்றிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அமெரிக்காவில் 1975இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, இப்படியான பிள்ளையை மதிப்பிட்டு உதவுவது அரச பாடசாலையின் கடமை. நியூயோர்க்கில் பெற்றோர் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் 60 நாளுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும். உளவியலாளர் வகுப்பில் பின்வரிசையில் இருந்து பிள்ளையைக் கவனிப்பார். எத்தனை வயதில் பேசத் தொடங்கினான், குடும்பத்தில் வேறு யாருக்கும் வாசிக்கக் கஷ்டமா என்று பெற்றோரைக் கேட்பார். பிறகு பிள்ளையோடு தனியே இருந்து, சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்லவும், கட்டைகளை வைத்துக் கோலம் அமைக்கவும், சொல்லை ஒலி ஒலியாகப் பிரிக்கவும், அர்த்தமில்லாத சொற்களை வாசிக்கவும் வைப்பார். எங்கே இடறுகிறது என்று அதில் தெரியும். மருந்து அவர் எழுதுவதில்லை. அறிக்கையோடு பெற்றோரையும் டீச்சர்மாரையும் ஒரே மேசையில் இருத்தி, இந்தப் பிள்ளைக்கு இனி எப்படிக் கற்பிப்பது என்று எழுதி முடிவெடுப்பார்கள். அங்கேயும் ஆள் காணாது. 500 மாணவருக்கு ஒருவர் என்று பாடசாலை உளவியலாளர்களுடைய சங்கம் பரிந்துரைத்தாலும் பல நகரங்களில் ஒருவர் அதைவிட மிக அதிகமான பிள்ளைகளைப் பார்க்கிறார்.

ஆனால் கொழும்பில் இருக்கும் நமக்கு அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் வேறு. கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மந்தபுத்தி என்று தனி வகுப்பில் போட்டுவைத்திருந்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1970இல் அது இணக்கத்தில் முடிந்தபோது, பிள்ளையை அதன் வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. இன்று அந்த நாட்டுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

உங்கள் மகனைத் தமிழில் சோதிக்க வேண்டும் என்பதில் நீங்கள் விட்டுக்கொடுக்கவே கூடாது. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேள்வி கேட்டால், அவன் தடுமாறுவது மொழியாலா வாசிப்பாலா என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போய்விடும். தமிழ் வாசிப்பின் சிக்கலும் தனியானது. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. ‘கொ’வில் குறி எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கிறது. ஆங்கிலத்தைவிட எழுத்தும் ஒலியும் நன்றாக ஒட்டிப்போகிற மொழி என்பதால், தடையுள்ள பிள்ளைகூட ஒருவழியாகச் சரியாக வாசித்து முடித்துவிடலாம், ஆனால் மெதுவாக. பிழையை மட்டும் எண்ணுகிறவர் “வாசிக்கிறான்தானே” என்று அனுப்பிவிடுவார். நீங்கள் சொன்ன அரை மணித்தியாலத்தை யாராவது எழுதிக்கொள்ள வேண்டும்.

நம் பிள்ளைகள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று எழுத்துமுறைகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். அதையும் பயன்படுத்தலாம். சிங்களத்தில் மட்டும் இடறினால் பழக்கம் போதாமை காரணமாக இருக்கலாம். மூன்றிலும் ஒரே மாதிரி இடறினால் விஷயம் வேறு. இதைக் கவனிக்க மூன்றும் தெரிந்த ஆள் வேண்டும்.

இங்கே வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நல்லவர்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் பலர் பாடமும் எடுக்க வேண்டும், பேப்பரும் திருத்த வேண்டும். இந்த மாதிரிச் சோதனை செய்ய அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்படவில்லை. ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒருவர் என்று நான் கேட்கவில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பாடசாலைகளுக்குக் கிழமைக்கு ஒரு நாளாவது வந்துபோக, தமிழில் சோதிக்கத் தெரிந்த ஒருவரை வலயக் கல்வி அலுவலகம் நியமிக்கலாம். 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்துப் பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது, பயந்த பிள்ளைகளைத் தேற்றும் பொறுப்பு எனக்குத் தெரிந்த வகுப்பாசிரியர்களின் தலையில்தான் விழுந்தது. அப்போதே இதைக் கேட்டிருக்க வேண்டும்.

சரி, இப்போது செய்யக்கூடியது. முதலில் கண்ணும் காதும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை வழக்கமாகத் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குத்தான். ஆகவே அடுத்ததுக்குக் காத்திருக்க வேண்டாம். அப்புறம் பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளுக்கான மனநலப் பிரிவு இருக்கிறது. டீச்சர் சொன்னதும் கிட்டத்தட்ட அதைத்தான், ஆகவே வீட்டில் கோபம் வேண்டாம். தமிழில் மதிப்பிட ஆள் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். மூன்று மொழிப் பாடக் கொப்பிகளையும் கையோடு கொண்டுபோங்கள். பிள்ளை எப்போதாவது “இருக்கப் பிடிக்கவில்லை” என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் அன்றைக்கே 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

அறிக்கை வந்ததும் ஒரு பிரதியைக் கடிதத்தோடு அதிபரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் கொடுக்கும் நடைமுறை பரீட்சைத் திணைக்களத்தில் உண்டு, அதற்கு மருத்துவ அறிக்கை வேண்டும். சாதாரண தரத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் அந்தக் கோப்பை இன்றைக்கே தொடங்குங்கள். வாசிப்புக்கென்று போட்ட ரியூஷனை, காரணம் தெரியும்வரை நிறுத்திவையுங்கள்.