புது ஸ்டாக் வாங்குமுன் அறுபது செல்களையும் அளந்து பாருங்கள்

கேள்வி: ஓசூர் அருகே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளை அனீலிங் (சூடாக்கி மென்மையாக்குதல்) செய்யும் சிறு ஆலை நடத்துகிறேன். உலைக்கு வேண்டிய ஹைட்ரஜனை, மணிக்கு 10 கன மீட்டர் தரும் ஆல்கலைன் எலக்ட்ரோலைசரில் (காரக் கரைசலில் மின்சாரம் செலுத்தித் தண்ணீரைப் பிரிக்கும் இயந்திரம்), கூரை சோலாரைக் கொண்டு ஒன்றரை ஆண்டாகத் தயாரிக்கிறோம். முதலில் கிலோவுக்கு 53 யூனிட் ஆனது. இப்போது 58 ஆகிறது. அதில் தண்ணீரைப் பிரிக்கும் 60 செல்களின் அடுக்கான ஸ்டாக்கில் 400 ஆம்பியரில் 111 வோல்ட் காட்டியது, 114 ஆகிவிட்டது. 80,000 மணி நேரம் உழைக்கும் என்று விற்ற முகவரே, "ஸ்டாக் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள்" என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் அனுப்பிய எண்களே முகவருக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. ஒரு செல்லின் வோல்ட்டை 26.6 ஆல் பெருக்கினால், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஸ்டாக் இழுக்கும் யூனிட் கிடைத்துவிடும். உங்களுடையது செல்லுக்கு 1.85 வோல்ட்டிலிருந்து 1.90 ஆகியிருக்கிறது, அதாவது 49.2 யூனிட்டிலிருந்து 50.5. கூடியிருக்கும் 5 யூனிட்டில் ஸ்டாக்கின் பங்கு 1.3 மட்டுமே. மீதி ரெக்டிஃபையரிலோ (ஏ.சி.யை டி.சி.யாக்கும் கருவி) பம்பிலோ, பெரும்பாலும் ஹைட்ரஜனின் ஈரத்தை நீக்கும் டிரையரிலோ போகிறது. தன்னை உலர்த்திக்கொள்ள உற்பத்தியான ஹைட்ரஜனிலேயே ஒரு பங்கை வெளியே விடும் வகை டிரையராக இருந்தால், அதன் வால்வு சரியாக மூடாமல் கசிந்தாலே கிலோக் கணக்கு குறைந்து யூனிட் கணக்கு ஏறிவிடும்.

அந்த 3 வோல்ட்டையும் முழுக்கத் தேய்மானம் என்று எழுதிவிட முடியாது. கரைசல் 75 டிகிரியில் இருந்தபோது எடுத்த அளவை, காலையில் 60 டிகிரியில் எடுத்த அளவோடு வைத்துப் பார்த்தால் இவ்வளவு வேறுபாடு தானாகவே வரும். இயந்திரம் முழுச் சுமையில் மூன்று மணி நேரமாவது ஓடி, வெப்பநிலை நிலைத்த பிறகு, அதே 400 ஆம்பியரில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். எந்த வெப்பநிலையில் எடுத்தது என்று எழுதாத அளவை எவர் காட்டினாலும் நம்பாதீர்கள்.

உண்மையான தேய்மானமும் ஓரளவு இருக்கலாம். அதற்குக் காரணம் ஓடிய நேரத்தைவிட நிறுத்திய நேரங்கள்தாம். அறுபது செல்களும் ஒரே காஸ்டிக் பொட்டாஷ் கரைசலைப் பொது வழிகளில் பகிர்ந்துகொள்கின்றன. மாலையில் வெயில் இறங்கி மின்சாரம் நின்றதும், மின்முனைகளில் எஞ்சிய ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து ஸ்டாக்கையே ஒரு பேட்டரியாக்கி, கரைசல் வழியே எதிர்த்திசையில் மின்னோட்டத்தைச் செலுத்தும். ஹைட்ரஜன் பக்கத்து நிக்கல் பூச்சு அப்போது ஆக்சிகரணமாகி, நாளடைவில் உதிர்கிறது. மேகம் மறைக்கும்போதெல்லாம் இதுவே நடக்கும். ஆகவே பகலில் மேகம் வந்தால் இயந்திரத்தை நிற்க விடாமல், வாரிய மின்சாரத்தைக் கொண்டு குறைந்தபட்சச் சுமையிலாவது ஓட்டுங்கள். மாலையில் நிறுத்தும்போது தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்ன வரிசையைப் பின்பற்றுங்கள்.

80,000 மணி நேரம் என்ற எண் இரவு பகலாக ஒரே சுமையில் ஓடும் இயந்திரத்துக்கு உரியது. உங்கள் கூரையில் ஆண்டுக்கு 2,000 மணி நேரம் ஓடினாலே அதிகம். அந்தக் கணக்குப்படி ஸ்டாக் நாற்பது ஆண்டு வரவேண்டும், எந்த டயாஃப்ரமும் (ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கலக்காமல் பிரிக்கும் தடுப்பு) கேஸ்கட்டும் அவ்வளவு காலம் தாங்காது. விற்கும்போது மணி நேரத்தையும், புகார் வரும்போது "இயற்கைத் தேய்மானம்" என்பதையும் காட்டுவது இடைத்தரகர்களின் பழைய வித்தை. எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில் பழைய ஸ்டாக்கை "எக்ஸ்சேஞ்ச்" என்று எடுத்துப்போன முகவர், டயாஃப்ரத்தையும் கேஸ்கட்டையும் மாற்றி, வண்ணமடித்து, வேறொருவரிடம் புதிது என்று விற்றுவிட்டார். அதே வேலையை உங்கள் ஸ்டாக்குக்கே செய்து தரச் சொல்லலாமே! அரசையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தவர்கள், எலக்ட்ரோலைசர் தயாரிப்பாளர்களுக்கான ஊக்கத்தொகையை எத்தனை கிலோவாட் தயாரித்து விற்றார்கள் என்று எண்ணிக் கொடுக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டில் அதே இயந்திரம் கிலோவுக்கு எத்தனை யூனிட் தின்னும் என்பது மட்டும் வாங்குபவரின் தலையெழுத்து.

ஸ்டாக்கை மாற்ற வேண்டாம் என்றேன். ஒரே ஒரு நிலையில் அந்த அறிவுரை செல்லாது. அதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து, ஓடும் நிலையில் ஒவ்வொரு செல்லையும் மல்டிமீட்டரில் அளந்து வரிசையாக எழுதுங்கள். எல்லாம் 1.88, 1.91 என்று அடுத்தடுத்து இருக்கையில், ஏதாவது ஒன்று மட்டும் 1.5 காட்டினால், குறைந்த மின்சாரத்தில் வேலை செய்யும் நல்ல செல் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். உயர்ந்த வோல்ட் வெறும் செலவு. ஒரு செல்லில் மட்டும் தாழ்ந்த வோல்ட் ஆபத்து. அங்கே டயாஃப்ரம் கிழிந்து, மின்முனைகள் தொட்டுக்கொண்டு, ஹைட்ரஜன் ஆக்சிஜன் பக்கம் கசியத் தொடங்கியிருக்கலாம். ஆக்சிஜனில் எவ்வளவு ஹைட்ரஜன் கலந்திருக்கிறது என்று காட்டும், ஆக்சிஜன் குழாயிலுள்ள அனலைசரையும் அப்போதே பாருங்கள். அதில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தைத் தொட்டால் கலவை தீப்பற்றும் என்பதால், 2 சதவீதத்திலேயே இயந்திரம் தானாக நின்றாக வேண்டும். செல் தாழ்ந்திருந்தாலோ அனலைசர் வாரத்துக்கு வாரம் ஏறினாலோ, அன்றே நிறுத்தி, நைட்ரஜன் செலுத்தி, ஸ்டாக்கைப் பிரிக்கச் சொல்லுங்கள். அனலைசர் பழுதாகி அதை "பைபாஸ்" செய்து ஓட்டும் ஆலைகள் இருக்கின்றன. உங்களுடையது அப்படியிருந்தால் இந்தப் பதிலின் மற்ற பகுதிகளை ஒத்திவைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

தண்ணீரையும் பாருங்கள். போர்வெல் தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டால் மட்டும் போதாது. அதன் பின் டி.எம். பிளான்ட்டும் (எஞ்சிய உப்புகளை நீக்கும் அமைப்பு) வேண்டும். இல்லையேல் சுண்ணாம்பும் இரும்பும் கரைசலில் சேர்ந்துகொண்டே போய் மின்முனைமேல் படியும். மேலும், தண்ணீரின் தரம் தவறினால் வாரண்டி கிடையாது என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அநேகமாக இருக்கும். முகவருக்குப் பதில் எழுதும் முன்பே, தண்ணீரின் பரிசோதனை அறிக்கையையும், அறுபது செல் அளவுகளையும் தேதி, வெப்பநிலையோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள்.