ஈசிஜி நார்மல், ஆனாலும் படபடப்பு: மன்னார்குடி அண்ணாவுக்கு

அண்ணா, வணக்கம். ஏழெட்டு மாதமாகத் தூக்கமில்லை, கடைமடைக்குத் தண்ணீர் வருமா, கூட்டுறவுக் கடன், மகள் பஸ்ஸில் போய்வருவது என்று ஒன்று தீர்ந்தால் இன்னொரு கவலை, கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கிறது, ஈசிஜி மட்டும் நார்மல் என்று எழுதியிருந்தீர்கள்.

ஈசிஜி நார்மல் என்றால் உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. கடைமடை விவசாயிக்குத் தண்ணீர்க் கவலை இயல்புதான், ஆனால் வயல் நிறையப் பாய்ந்த பிறகும் ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு மடையைப் பார்க்கப் போகிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆறு மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், பல விஷயங்களைப் பற்றி அடக்க முடியாத கவலை, கூடவே தூக்கக்கேடு, அசதி, உடம்பு இறுக்கம் எல்லாம் இருந்தால் பொதுப் பதற்றக் கோளாறா என்று மருத்துவர் பார்ப்பார். தைராய்டு கூடினாலும் படபடக்கும், அதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போய்க் காட்டும்வரை, அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416, இலவசம், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். வாழ்ந்து என்ன என்று தோன்றினால் அந்த நிமிடமே கூப்பிடுங்கள், தயவுசெய்து.

பேச்சு சிகிச்சை நன்றாகவே உதவும். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தூக்கத்துக்காகக் குடிப்பது வேண்டவே வேண்டாம், மறுநாள் படபடப்பு கூடும். அப்புறம், போகும்போது அண்ணியையும் கூட்டிப் போங்கள், நீங்கள் சொல்லத் தயங்குவதை அவர் சொல்லிவிடுவார்.